திண்ணையில் வளர்ந்த எண்ணும் எழுத்தும்

தெருவை நோக்கித் திறந்து, வீட்டுச் சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் கட்டப்பட்ட திண்ணை, வழிப்போக்கர் இளைப்பாறவும் வீட்டார் மாலையில் அமர்ந்து பேசவும் அமைந்த இடம். ஐரோப்பியக் கல்விமுறை வேரூன்றுவதற்கு முன்பு தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பிள்ளைகள் எழுத்தறிந்த இடமும் பெரும்பாலும் அதுவே. ஆசிரியர் தம் வீட்டுத் திண்ணையிலோ, ஊரில் வசதி படைத்த ஒருவர் ஒதுக்கிக் கொடுத்த திண்ணையிலோ, சில ஊர்களில் கோயில் மண்டபத்திலோ சாவடியிலோ பத்துப் பதினைந்து பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொன்னார். இத்தகைய பள்ளிகளுக்குத் தனிக் கட்டடமோ அரசின் ஆணையோ பொதுவான பாடத்திட்டமோ இருந்ததில்லை. வாத்தியார் என்றும் உபாத்தியாயர் என்றும், நெல்லைச் சீமையிலும் யாழ்ப்பாணத்திலும் அண்ணாவி என்றும் அழைக்கப்பட்ட ஓர் ஆசிரியர் ஊரில் இருக்கும் வரை பள்ளி நடந்தது. அவர் ஊரை விட்டுப் போனாலோ மறைந்தாலோ, மகனோ மூத்த மாணாக்கரோ பொறுப்பை ஏற்காவிட்டால், பள்ளியும் அத்துடன் முடிந்தது.

இப்பள்ளிகளைப் பற்றி இருவகைக் கருத்துகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. பொருள் விளங்காத செய்யுளைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கச் செய்து பிள்ளைகளைப் பிரம்பால் அடக்கிய கொட்டடிகள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்வித்துறை அதிகாரிகள் இவற்றை எழுதி வைத்தனர். ஆங்கிலேயர் வருமுன் நாடெங்கும் செழித்திருந்த கல்வி மரத்தின் கிளைகள் இவை என்று இருபதாம் நூற்றாண்டின் தேசிய எழுத்தாளர்கள் போற்றினர். முதற்கருத்து அங்கே உண்மையில் என்ன கற்பிக்கப்பட்டது என்பதைக் கேளாமலே தீர்ப்பு எழுதியது. இரண்டாவது கருத்து, யாருக்குக் கற்பிக்கப்பட்டது என்ற கேள்வியைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றது. இவ்விரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் திண்ணைப் பள்ளியின் வரலாறு பிடிபடும்.

பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பும் காலத்தில், பெரும்பாலும் விசயதசமி நாளில், பள்ளியில் சேர்ப்பது வழக்கம். பரப்பிய அரிசியிலோ மணலிலோ ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிப்பார். அன்றிலிருந்து சில மாதங்கள் மணலே பலகை, சுட்டுவிரலே எழுதுகோல். ஆசிரியரோ மூத்த மாணவனோ எழுத்தைப் பெரிதாக எழுதி அதன் பெயரை உரக்கச் சொல்ல, குழந்தை அதன் வடிவத்தின்மேல் விரலை ஓட்டியபடியே அந்த ஒலியைத் திருப்பிச் சொல்லும். காது கேட்க, வாய் சொல்ல, கை எழுத, மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதே இம்முறையின் உயிர்நாடி. படிப்பதை முதலிலும் எழுதுவதைப் பின்னரும் கற்பிப்பது அக்கால ஐரோப்பியப் பள்ளிகளின் வழக்கமாயிருக்க, தமிழ்ப் பிள்ளை எழுதிக்கொண்டே படிக்கக் கற்றது.

மணலில் கை தேறிய பிறகு பனையோலைக்கு ஏற்றம் கிடைக்கும். பச்சை ஓலையை வாரிப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்தது சுவடி. ஆசிரியர் எழுத்தாணியால் கீறிய எழுத்தின் மேலேயே பிள்ளை திரும்பத் திரும்ப எழுத்தாணியை ஓட்டிப் பழகும். ஓலையில் கீறிய எழுத்து வெறும் கண்ணுக்கு மங்கலாகவே தெரியுமாதலால் மஞ்சளும் கரியும் இலைச்சாறும் தடவித் துடைப்பார்கள். கீறலுக்குள் மை நின்று எழுத்து துலங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய பாடத்தை ஆசிரியரே ஓலையில் எழுதித் தர வேண்டியிருந்ததால், எவனுக்கு எந்த ஏடு என்பது அவனவன் தேர்ச்சியைப் பொறுத்தது. வகுப்பு என்ற பிரிவு இல்லை. ஐந்து வயதுக் குழந்தை அரிச்சுவடியை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதே திண்ணையின் மறுகோடியில் பன்னிரண்டு வயதுப் பையன் நிகண்டு ஒப்பித்துக்கொண்டிருப்பான். ஒரே ஆசிரியர் இத்தனை படிநிலைகளையும் மேய்க்க முடிந்ததற்குச் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவனே காரணம். இளையவர்களுக்குப் பாடம் சொல்வதும், ஆசிரியர் இல்லாத வேளையில் அமைதி காப்பதும், வராதவர்களை வீட்டுக்குப் போய் இழுத்து வருவதும் அவன் பொறுப்பு.

அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை, மூதுரை முதலிய நீதிநூல்களும், அவற்றுக்குப் பின் சதகங்களும் அந்தாதிகளும், ஒரு பொருளுக்குரிய பல சொற்களைச் செய்யுளாகத் தொகுத்துத் தரும் நிகண்டும் பாடமாயின. பொருளை ஆசிரியர் உடனே விளக்குவதில்லை. செய்யுள் முதலில் நெஞ்சில் குடியேற வேண்டும், வயது ஏற ஏறப் பொருள் தானே விளங்கும் என்பது அக்காலக் கருத்து. பிற்காலத்தார் மிகுதியாகப் பழித்தது இந்தப் பகுதியைத்தான். அப்பழிப்பில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் ஊரார் பிள்ளைகளைத் திண்ணைக்கு அனுப்பியதற்கு நீதிநூல்களைவிட வலுவான காரணம் கணக்கு.

திண்ணைப் பள்ளியின் கணக்கு நான்கு சுவடிகளில் அடங்கியது. எண்களின் வரிசையையும் கூட்டலையும் பயிற்றுவது பொன்னிலக்கம். முகத்தல் அளவைகளைக் கற்பிப்பது நெல்லிலக்கம். பெருக்கல் வாய்பாடுகளைத் தொகுத்தது எண்சுவடி. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி நிலத்தின் பரப்பைக் காண உதவுவது குழிமாற்று. முழு எண்ணில் தொடங்கும் இக்கல்வியின் பெரும்பகுதி பின்னங்களிலேயே கழிந்தது. ஒன்றில் பாதி அரை, நாலில் ஒரு பங்கு கால், எட்டில் ஒன்று அரைக்கால், பதினாறில் ஒன்று மாகாணி அல்லது வீசம் என ஒரு வரிசையும், இருபதில் ஒன்று மா, நாற்பதில் ஒன்று அரைமா, எண்பதில் ஒன்று காணி, நூற்றறுபதில் ஒன்று அரைக்காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி என மற்றொரு வரிசையும் பிள்ளையின் நாவில் புழங்கின. முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால் முந்திரியையே ஒன்றாக வைத்து, கீழரை, கீழ்க்கால் என்று அதே பெயர்களைக் 'கீழ்' என்ற முன்னொட்டுடன் மறுபடியும் பயன்படுத்தலாம். ஆகவே முந்திரியின் முந்நூற்றிருபதில் ஒரு பங்கான கீழ்முந்திரி, ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்காகும்.

இம்முறையில் ஒரு பெருக்கல் நடக்கும் விதத்தைக் கவனித்தால் இது வெறும் ஒப்புவித்தலன்று என்பது புலப்படும். மாவை மாவால் பெருக்கினால், அதாவது இருபதில் ஒன்றை இருபதில் ஒன்றால் பெருக்கினால், இன்றைய எழுத்தில் 1/400 வரும். திண்ணைப் பிள்ளையிடம் 1/400 என்ற எழுத்து வடிவமே கிடையாது; அதற்குத் தெரிந்த பெயர்களால்தான் விடையைச் சொல்ல வேண்டும். நானூற்றில் ஒன்று, முந்திரியைவிடச் சிறியது; முந்திரியில் ஐந்தில் நான்கு பங்கு. ஐந்தில் நான்கு என்பது முக்காலும் ஒரு மாவும் சேர்ந்தது. எனவே விடை கீழ் முக்காலே ஒருமா. ஓலையும் எழுத்தாணியும் இன்றி, களத்துமேட்டில் நின்றபடி இப்படி விடை சொல்லக்கூடியவனே கணக்குத் தெரிந்தவன் எனப்பட்டான்.

களத்துமேடு என்பது இங்கே அலங்காரச் சொல் அல்ல. அறுவடை நெல்லை அரசுக்கும் கோயிலுக்கும் நிலவுடைமையாளருக்கும் குத்தகைதாரருக்கும் ஊர்த் தொழிலாளர்க்கும் பங்கிட்டுக் கொடுக்கும் சமூகத்தில் பின்னம் என்பது அன்றாட உணவு பற்றிய செய்தி. நெல்லிலக்கத்தின் வாய்பாட்டில் முந்நூற்றறுபது நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பது நில அளவை. வேலிக்கு இத்தனை கலம் விளைந்த இடத்தில் மூன்று மா அரைமாவுக்கு எவ்வளவு, அதில் வாரம் போக மீதி எவ்வளவு என்பதை நொடியில் சொல்லத் தெரியாதவன் மரக்கால் பிடிப்பவனிடம் ஏமாந்து போவான். கணக்குப்பிள்ளை வேலையும் மண்டிக்கடை வேலையும் மிராசுதார் வீட்டு வரவுசெலவும் இந்தப் பயிற்சியை நம்பியே நடந்தன. தமிழகத் திண்ணைப் பள்ளிகளின் கணக்கை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, இப்பள்ளிகளில் நினைவாற்றல் என்பது கல்விக்குத் துணைக்கருவியாக மட்டும் நில்லாமல் கற்கும் வழியாகவே இருந்தது என்று வாதிடுகிறார். அவ்வாதத்தை மறுப்பது கடினம். எழுதிப் பார்க்க வாய்ப்பில்லாத இடத்தில் எண்ணை எடுத்துப் புழங்க வேண்டிய ஒருவனுக்கு, நெஞ்சில் உள்ள வாய்பாடே கைக்கருவி.

நினைவைத் தீட்டுவதற்கென்றே தனிப் பயிற்சிகளும் இருந்தன. உ.வே. சாமிநாதையர் (1855–1942) தம் தன்வரலாற்றில் விவரிக்கும் இளமைக்கால வழக்கங்களுள் ஒன்று, மாலையில் பள்ளி விடும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று ஆசிரியர் சொல்லி அனுப்புவதும், மறுநாள் விடியற்காலையில் அவற்றை அந்தப் பிள்ளை மறவாமல் திருப்பிச் சொல்வதும் ஆகும். எழுத்தும் ஏடும் வேண்டாத இந்த எளிய பயிற்சி, இரவைத் தாண்டி ஒன்றை நினைவில் வைத்திருக்கும் பழக்கத்தை விளையாட்டுப்போல் ஏற்படுத்தியது.

விளையாட்டுப்போல் இருந்தவை இத்தகைய சிலவே. பொழுது புலருமுன்னரே பிள்ளைகள் திண்ணைக்கு வந்துவிட வேண்டும். தாமதத்துக்குத் தண்டனை உண்டு. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரியின் மாவட்ட ஆட்சியர் ஏ.டி. காம்ப்பெல் 1823-இல் எழுதிய அறிக்கை, அப்பகுதிப் பள்ளிகளில் நிலவிய ஒரு முறையைப் படம் பிடித்துக் காட்டுகிறது: முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரும், இரண்டாவதாக வருபவன் கையில் புகழும் இல்லை பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாகச் சுழியும் எழுதப்படும், மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவர்க்கு ஒவ்வோர் அடி கூடும். தமிழ்ப் பள்ளிகளிலும் இதையொத்த வழக்கம் இருந்தது. குட்டு, புளிய விளார், தோப்புக்கரணம் ஆகியவை அன்றாடத் தண்டனைகள். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டுக் காலில் அடிக்கும் கோதண்டம் இவற்றுள் மிகக் கொடியது. விடாமல் உட்கார்ந்து எழுவது வேதனை தரினும் உடம்புக்கு நல்லதாக இருக்கக்கூடும் என்று காம்ப்பெல் குறித்திருப்பது, அன்றைய இங்கிலாந்துப் பள்ளிகளின் பிரம்பு எப்படிப்பட்டது என்பதையும் மறைமுகமாகக் காட்டுகிறது. ஆயினும் ஒப்பீட்டால் கோதண்டத்தின் கொடுமை குறைந்துவிடாது. அஞ்சி ஓடி ஒளிந்த பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவரச் சட்டாம்பிள்ளையின் படை தேவைப்பட்டது என்பதே அப்பள்ளி பிள்ளைகளின் மனத்தில் எப்படிப் பதிந்திருந்தது என்பதற்குச் சான்று.

அடித்தவரின் வாழ்வும் வளமானதன்று. மாணவர் தரும் மாதச் சம்பளம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுக்கு நான்கணா முதல் எட்டணா வரை. ஓர் ஆசிரியருக்கு மொத்தமாக மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்று அன்றைய ஆளுநர் தாமஸ் மன்றோவே எழுதினார். அறுவடைக் காலத்தில் நெல்லும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிவரும் வாவு எனப்படும் விடுமுறை நாள்களில் காய்கறியும் எண்ணெயும் விறகும், ஒரு சுவடி முடிந்து மறு சுவடி தொடங்கும்போது வேட்டியோ காசோ வருவதும் உண்டு. நவராத்திரியின்போது பிள்ளைகளை அலங்கரித்துக் கோலாட்டத்துடன் வீடு வீடாகப் பாட அழைத்துச் சென்று பணம் திரட்டுவது ஆசிரியரின் ஆண்டு வருமானத்தில் கணிசமான பங்கு. இத்தகைய ஆசிரியர் ஊராரை முகம் சுளிக்க வைக்க முடியாது. எதைக் கற்பிக்க வேண்டும் என்பதில் பெற்றோர் விருப்பமே சட்டமாக இருந்ததற்கு இதுவே அடிப்படை. அந்த ஊர்ப் பிடி பள்ளியின் வலிமையாகவும் இருந்தது, விலங்காகவும் இருந்தது.

இந்த எளிய ஏற்பாடு கடல் கடந்து சென்ற கதை கல்வி வரலாற்றில் தனித்த இடம் பெற்றது. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த கிறித்தவ மறைபணியாளர் சீகன்பால்கு, ஓர் ஆசிரியரையும் அவருடைய மாணவர்களையும் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, அப்பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் எழுத்தைக் கற்றார். ஆயினும் மணலைப் பள்ளிமுறையாக ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றவர் ஸ்காட்லாந்துக்காரரான பாதிரியார் ஆண்ட்ரூ பெல். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியின் மேற்பார்வையாளராக இருந்த அவர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் விடுதியிலும் அம்முறையைப் புகுத்த முயன்றார். சம்பள ஆசிரியர் அதற்கு இசையவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஜான் பிரிஸ்கன் என்பவனிடம் சிறு பிள்ளைகளை ஒப்படைத்துச் சொல்லித் தரச் செய்ததும் முறை பலித்தது. மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றி 1797-இல் லண்டனில் பெல் வெளியிட்ட சிறுநூலிலிருந்து 'மதராஸ் முறை' பெயர் பெற்றது. தொழிற்புரட்சியால் நகரங்களில் குவிந்த ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் எழுத்தறிவிக்க வழி தேடிக்கொண்டிருந்த இங்கிலாந்தில், ஒரே ஆசிரியரால் நூற்றுக்கணக்கானோருக்குக் கற்பிக்கலாம் என்ற வாக்குறுதி கொழுந்துவிட்டுப் பரவியது. இதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் நடத்திய முறையும் பெல்லின் முறையும் யாருக்கு முதன்மை என்று நீண்ட பூசலில் இறங்கின. இம்முறை இந்தியப் பள்ளிகளிலிருந்து பெறப்பட்டது என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களே 1814-ஆம் ஆண்டு மடலில் ஒப்புக்கொண்டனர்.

கடல் கடந்தபோது ஒன்று மாறிப்போனது. திண்ணையில் சட்டாம்பிள்ளை என்பவன், பத்துப் பதினைந்து பிள்ளைகள் வெவ்வேறு ஏட்டில் வெவ்வேறு வேகத்தில் செல்லும்போது இடைநின்று உதவுபவன். இங்கிலாந்தில் அவன் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரே கட்டளைக்கு ஒரே நேரத்தில் இயங்க வைக்கும் ஏவலன் ஆனான். முகத்துக்கு முகம் தெரிந்த சிறு கூட்டத்தின் வழக்கம், முகமறியாத பெருங்கூட்டத்தை ஆளும் உத்தியாயிற்று.

மன்றோ 1822 ஜூன் 25 அன்று பிறப்பித்த குறிப்பாணையால், சென்னை மாகாணத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளிகள் எத்தனை, மாணவர் எத்தனை, எந்தச் சாதியார் என்ற கணக்கு எடுக்கப்பட்டது. 1826 மார்ச்சு 10 அன்று அவர் தொகுத்தெழுதியபோது 12,498 பள்ளிகளும் 1,88,000-க்கும் மேற்பட்ட மாணவர்களும் கணக்கில் வந்திருந்தனர். மக்கள்தொகை 1,28,50,941 என்று மதிப்பிடப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. வீட்டிலேயே கற்பவர்களையும் சேர்த்தால் பள்ளி வயது ஆண்பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நெருக்கமானோர் கல்வி பெறக்கூடும் என்று மன்றோ கருதினார். சென்னை நகரத்தில் மட்டும் பள்ளியில் கற்போர் 5,523 பேர் என்றும் வீட்டில் கற்போர் 26,000-க்கும் மேற்பட்டோர் என்றும் வந்த புள்ளிவிவரத்தை அவரே ஐயத்துடன் நோக்கினார். காம்ப்பெல் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஐரோப்பிய ஆலைத் துணியால் நெசவாளர் தொழில் நலிந்ததும் உள்நாட்டு அரசுகளின் செலவு நின்றுபோனதும் மக்களை வறுமைக்குத் தள்ளியதால், முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது பள்ளி இல்லை என்று தம் மேலதிகாரிகளுக்கே எழுதினார்.

இந்தக் கணக்கெடுப்பு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் மறுவாழ்வு பெற்றது. 1931 அக்டோபரில் லண்டனில் பேசிய காந்தி, ஆங்கிலேயர் வருகைக்குப் பின் இந்தியாவில் எழுத்தறிவு குறைந்தது என்று கூறியதும், ஆங்கிலேயக் கல்வியாளர் பிலிப் ஹார்டாக் அதற்குச் சான்று கேட்டு வாதிட்டதும், அந்த விவாதத்துக்கு விடையாக வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983-இல் மன்றோவின் ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டதும் பலர் அறிந்தவை. தமிழ் பேசும் மாவட்டங்களில் 'சூத்திரர்' எனவும் 'பிற சாதியார்' எனவும் பதிவானவர்களே மாணவர்களில் பெரும்பாலோர், சேலத்திலும் திருநெல்வேலியிலும் சுமார் 70 விழுக்காடு, தென்னார்க்காட்டில் 84 விழுக்காட்டுக்கும் மேல், என்று தரம்பால் காட்டியபோது, கல்வி பிராமணர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது என்ற கூற்று ஆட்டம் கண்டது.

அது ஆட்டம் கண்டது உண்மை. ஆனால் அப்புள்ளிவிவரம் சொல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றுவதும் தவறு. மன்றோவின் படிவத்தில் சூத்திரர் என்ற தலைப்பின்கீழ் வேளாளரும் செட்டிமாரும் கணக்கரும் கைவினைஞரும் அடங்குவர். நிலமும் கடையும் கணக்கும் கையாண்ட இவர்களுக்குக் கல்வி தேவைப்பட்டது, கட்டணம் செலுத்தவும் முடிந்தது. சேரிகளில் வாழ்ந்த தீண்டப்படாதோர் பிள்ளைகளுக்கு ஊர்த் திண்ணையில் இடமே இல்லை. திண்ணை ஒரு சாதிக்காரரின் வீட்டோடு ஒட்டியது. அதன்மேல் ஏற உரிமை இல்லாதவர், அதன்மேல் நடக்கும் பள்ளியிலும் ஏற முடியாது. களத்துமேட்டில் நெல்லை அறுத்து அடித்துக் குவித்த கைகளின் பிள்ளைகளுக்கு, அந்த நெல்லைப் பங்கிடும் கணக்கு மறுக்கப்பட்டது. அச்சாதிகளுள்ளும் புலமை மரபு அழிந்துவிடவில்லை என்பதற்கு அயோத்திதாசரின் (1845–1914) வாழ்வே சான்று. காத்தவராயன் என்ற இயற்பெயர் கொண்ட அவர், தமக்குத் தமிழும் மருத்துவமும் கற்பித்த கவிராசரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். ஆனால் அம்மரபு ஊர்ப்பள்ளிக்கு வெளியே, தனி வழியில் காக்கப்பட்டதாகும்.

பெண்களின் நிலையும் இதுவே. மன்றோவின் கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். அவர்களிலும் கோயில்களில் ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்ட குடும்பங்களைச் சேர்ந்தோர் குறிப்பிடத்தக்க பங்கினர் என்று அறிக்கைகள் கூறுகின்றன. மற்றக் குடும்பங்களில் பெண்கள் கேள்வியறிவாலும் பாட்டாலும் கதையாலும் பெற்ற கல்வி பெரிது என்றாலும், எழுத்தாணியும் வரவுசெலவுச் சுவடியும் ஆண்கள் கையில்தான் இருந்தன.

மன்றோ தம் ஆய்வின் முடிவில் மாவட்டத்துக்கு இரண்டு பள்ளிகளும் வட்டத்துக்கு ஒரு பள்ளியும் அரசுச் சம்பளத்தில் தொடங்கத் திட்டமிட்டார். 1827-இல் அவர் வாந்திபேதியால் இறந்த பின் அத்திட்டம் ஊக்கமிழந்து, 1836-இல் வட்டப் பள்ளிகள் மூடப்பட்டன. அரசின் கை திண்ணையை உண்மையில் தொட்டது 1854-ஆம் ஆண்டுக் கல்வி மடலுக்குப் பிறகுதான். கல்வித்துறை ஏற்பட்டு, தனியார் பள்ளிகளுக்கு நிதி உதவி வழங்கும் முறை வந்தது; 1860-களில், ஆய்வாளர் நேரில் வந்து வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்துத் தேறியவர்களின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் கொடுக்கும் 'பலன்வழி மானியம்' திண்ணைப் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. மாதம் ஆறு ரூபாயில் காலம் தள்ளிய ஆசிரியருக்கு அந்த மானியம் பெருந்தொகை. அதைப் பெற வேண்டுமானால் வருகைப் பதிவேடு வேண்டும், வகுப்புப் பிரிவு வேண்டும், கால அட்டவணை வேண்டும், ஓலைக்குப் பதில் அச்சிட்ட வாசகமும் மணலுக்குப் பதில் சிலேட்டும் வேண்டும். ஒரு சட்டமும் இயற்றாமல், ஒரு பள்ளியையும் மூடாமல், திண்ணைப் பள்ளி உள்ளிருந்து மாற்றப்பட்டது.

இந்த மாற்றத்தில் ஒரு முரண் உண்டு. மனப்பாடம் என்ற ஒரே குற்றத்தைச் சொல்லித் திண்ணைப் பள்ளியைப் பழித்த ஆய்வாளர்கள் கொண்டுவந்த தேர்வுமுறை, தேறினால்தான் பணம் என்ற நிபந்தனையால் அச்சு வாசகத்தையே வரிக்கு வரி மனப்பாடம் செய்ய வைத்தது. பழைய மனப்பாடத்துக்குக் களத்துமேட்டிலும் கடையிலும் பயன்பாடு இருந்தது. புதியதற்கு ஆய்வாளர் வரும் நாளோடு பயன் தீர்ந்தது. திண்ணையின் பிரம்பு அப்படியே நீடிக்க, அதன் கணக்கு மட்டும் மெல்ல வெளியேறியது என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும் ஊரார் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அரசுப் பாடத்தோடு எண்சுவடியையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் பலர் இருந்தனர். அச்சில் வந்த எண்சுவடிகள் மலிவு விலைச் சிறு நூல்களாகத் தொடர்ந்து விற்பனையாயின.

பழையதையும் புதியதையும் இணைக்கும் முயற்சிகளும் நடந்தன. திண்ணையில் தொடக்கக் கல்வி கற்று, கிறித்தவ மிஷன் பள்ளியிலும் பயின்ற யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879), 1848-இல் வண்ணார்பண்ணையிலும் 1864-இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். படிநிலையாக அமைந்த அவருடைய பாலபாடங்கள், திண்ணையின் நீதிநூல் மரபை மிஷன் பள்ளிகளின் உரைநடை வாசகமாக மாற்றின. செய்யுளை முதலில் நெட்டுருச் செய்து பொருளைப் பின்னர் அறியும் முறைக்கு மாறாக, வாசிக்கும்போதே விளங்கும் எளிய உரைநடையில் நீதி சொன்னது இந்நூல்களின் சிறப்பு. சமய ஒழுக்கத்தையும் சாதி ஆசாரத்தையும் பிரிக்காமல் கற்பித்தது இவற்றின் எல்லை.

திண்ணை மறுத்தவர்களுக்கான பள்ளிகள் வேறு இடங்களிலிருந்து வந்தன. தரங்கம்பாடி மிஷன் 1707-லேயே பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கியிருந்தது. பிரம்மஞான சங்கத்தின் ஹென்றி ஆல்காட் 1894-இல் சென்னை அடையாறு பகுதியில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியதில் அயோத்திதாசருக்கும் பங்குண்டு. பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகள்கூட இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டிய சாவடியிலோ அமைந்திருந்ததால், எல்லாரும் காலடி வைக்கக்கூடிய பொது இடத்துக்கு அவற்றை மாற்ற வேண்டும் என்பது ஒடுக்கப்பட்டோரின் தலைவர்கள் திரும்பத் திரும்ப எழுப்பிய கோரிக்கையாயிற்று. பாடத்தைவிட இடமே அப்போது பெரிய கேள்வி.

1920-ஆம் ஆண்டு தொடக்கக் கல்விச் சட்டமும், விடுதலைக்குப் பின் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் (1954–1963) சிற்றூர்தோறும் திறக்கப்பட்ட ஓராசிரியர் பள்ளிகளும் மதிய உணவும், கட்டணம் இல்லாத கல்வியைத் திண்ணைக்கு வெளியே கொண்டு சென்றன. எஞ்சியிருந்த திண்ணைப் பள்ளிகளில் சில அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளாகப் பெயர் மாறின. பல, ஆசிரியரின் முதுமையோடு முடிந்தன. அவற்றின் கணக்குக்கு இறுதி அடி பள்ளிக்கு வெளியிலிருந்து வந்தது: 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு நயா பைசாவாகப் பிரிக்கப்பட்டது, அடுத்த சில ஆண்டுகளில் படியும் மரக்காலும் குழியும் வேலியும் அரசுக் கணக்கிலிருந்து நீங்கி லிட்டரும் ஹெக்டேரும் வந்தன. பதினாறில் ஒன்றையும் முந்நூற்றிருபதில் ஒன்றையும் கேட்க அங்காடியில் ஆள் இல்லாமற்போன பிறகு, எண்சுவடியை அச்சிட்டவர்களும் மெல்ல அதை நிறுத்திக்கொண்டனர்.